காலையானால் 'ஓஃப்லைன்' ஆகும் பிரிண்டர்

கேள்வி:

கொட்டாஞ்சேனையில் வீட்டில் வைத்தே உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கியல் சொல்லிக் கொடுக்கிறேன். டியூட் (வகுப்பில் கொடுக்கும் பாடத் தாள்கள்) எல்லாம் எப்சன் எல்3250 டாங்க் பிரிண்டரில்தான் அடிக்கிறேன். சிம் போடுகிற 4ஜி ரவுட்டர் இருந்த காலத்தில் ஒரு கரைச்சலும் இருக்கவில்லை. பைபர் இணைப்பு எடுத்த பிறகுதான் பிரச்சினை. போனிலிருந்து பிரிண்ட் வருகிறது. விண்டோஸ் 11 லப்டொப்பிலிருந்து கொடுத்தால் 'ஓஃப்லைன்' என்று நிற்கிறது. மகன் பிரிண்டரை லப்டொப்பிலிருந்து அழித்துவிட்டுத் திரும்பப் போட்டுத் தருவார். அன்று முழுக்க வேலை செய்யும். அடுத்த நாள் காலையில் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். மின்னலுக்குப் பயந்து இரவில் ரவுட்டர், பிரிண்டர் எல்லாவற்றையும் சுவர் சுவிட்சிலேயே நிற்பாட்டிவிட்டுத்தான் படுப்போம். ஒரு கடையில் காட்டினோம். வைஃபை கார்ட் பழுது, மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றுவதா, புதிதாக வாங்குவதா?

– கணக்கியல் ஆசிரியை, கொட்டாஞ்சேனை

பதில்:

டீச்சர், இரண்டும் வேண்டாம். காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டர் நல்ல நிலையில்தான் இருக்கிறது.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் நீங்களே எழுதிய ஒரு வரி: "போனிலிருந்து பிரிண்ட் வருகிறது." வைஃபை கார்ட் பழுதான பிரிண்டர் போனுக்கும் வராது, லப்டொப்புக்கும் வராது. அது ஆள் பார்த்துப் பழுதாவதில்லை. கடைக்காரரிடம் இந்த ஒரு விபரத்தைச் சொல்லியிருந்தால் அவரும் வேறு விதமாக யோசித்திருப்பார்.

ஆனாலும் ஒன்றை மட்டும் முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். போனில் பிரிண்ட் கொடுக்கும்போது அது எந்த வைஃபையில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பைபர் ரவுட்டரின் பெயர் தெரிந்தால் நான் கீழே சொல்வது அப்படியே பொருந்தும். 'டைரக்ட்' என்று தொடங்கும் பெயர் தெரிந்தால் கதை வேறு. அது வைஃபை டைரக்ட். பிரிண்டர் தானே ஒரு சிறிய வைஃபையை உண்டாக்கி, ரவுட்டரை இடையில் விடாமல் போனோடு நேரே பேசுகிற முறை. அப்படியானால் பிரிண்டர் உங்கள் புதிய ரவுட்டரில் சேரவே இல்லை என்று அர்த்தம். அதற்கான வழியைப் பின்னால் எழுதியிருக்கிறேன். மகன் திரும்பப் போட்டதும் லப்டொப்பில் ஒரு நாள் முழுக்க வேலை செய்கிறதால், உங்கள் வீட்டில் அப்படி இருக்காது என்றே நினைக்கிறேன்.

மற்ற இரண்டு தடயங்களும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. திரும்பப் போட்டால் ஒரு நாள் வேலை செய்கிறது. இரவில் எல்லாவற்றையும் நிற்பாட்டுகிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடை வந்துவிடுகிறது.

வீட்டு ரவுட்டரில் சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ரவுட்டர் ஓர் இலக்கத்தைக் கொடுக்கும். அதுதான் ஐபி முகவரி, 192.168.1.5 என்கிற மாதிரி. இது சொந்தமாகக் கொடுக்கப்படுவதில்லை, தவணைக்குத்தான். யாருக்கு எதைக் கொடுத்தோம் என்கிற குறிப்பைப் பல வீட்டு ரவுட்டர்கள் கரண்ட் போனதும் மறந்துவிடுகின்றன. காலையில் நீங்கள் சுவிட்சைப் போடும்போது யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்கு முதல் இலக்கம். நேற்று பிரிண்டரிடம் இருந்த 5 இன்று மகனின் போனுக்கோ டிவிக்கோ போயிருக்கலாம், பிரிண்டருக்கு 9 கிடைத்திருக்கலாம். லப்டொப்புக்கு இது தெரியாது. வீடு மாறிப் போனவரின் பழைய விலாசத்துக்கே கடிதம் போட்டுக்கொண்டிருப்பது போல, அது 5க்கே அனுப்பிக்கொண்டிருக்கும். அங்கே பதில் சொல்லப் பிரிண்டர் இல்லை. அதனால்தான் 'ஓஃப்லைன்'.

போனுக்கு மட்டும் ஏன் இந்தக் குழப்பம் இல்லை? போன் இலக்கத்தை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் "இந்த வீட்டில் பிரிண்டர் யார்?" என்று வைஃபை முழுக்கக் கூப்பிட்டுக் கேட்கிறது, பிரிண்டர் தன் இன்றைய முகவரியைச் சொல்கிறது. மகன் திரும்பப் போடும்போது லப்டொப்பும் அப்படித்தான் ஒரு முறை தேடிக் கண்டுபிடிக்கிறது. ட்ரைவரில் (பிரிண்டரை இயக்க லப்டொப்பில் போடுகிற மென்பொருளில்) ஒரு பிழையும் இருக்கவில்லை. புது முகவரி பதிந்ததுதான் அந்த ஒரு நாள் சுகத்துக்குக் காரணம். பழைய 4ஜி ரவுட்டரில் இது தெரியாமல் போனதும் ஆச்சரியமில்லை. அதில் நாலைந்து சாதனங்கள்தான் இருந்திருக்கும். பைபர் வந்ததும் டிவி, கேமரா, வீட்டிலுள்ள எல்லோருடைய போன், வகுப்புக்கு வருகிற பிள்ளைகளின் போன் என்று வரிசை நீண்டுவிடும். இலக்கம் இடம் மாறும் வாய்ப்பும் அதோடு கூடிவிடும்.

நான் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை, நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பிரிண்டரின் முன்பக்கத்தில் நெட்வொர்க் விபரத் தாளை அச்சிடுகிற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தால் ஒரு தாள் வரும். அதில் ஐபி அட்ரெஸ் என்ற வரியைத் தேடி வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். லப்டொப்பில் வேலை செய்கிற நாளில் ஒன்று, மறுநாள் காலை 'ஓஃப்லைன்' வந்ததும் இன்னொன்று. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கடைசி இலக்கம் மாறியிருக்கும். பிறகு அந்தப் புது முகவரியை லப்டொப்பின் பிரவுசரில், மேலே இணைய முகவரி அடிக்கும் இடத்தில் அடியுங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறக்கும். 'இது பாதுகாப்பான இணைப்பு அல்ல' என்று பிரவுசர் எச்சரித்தாலும் பயப்பட வேண்டாம். வீட்டுக்குள்ளேயே இருக்கிற பிரிண்டருக்கு வெளியார் வழங்கும் சான்றிதழ் இருக்காது, அதுதான் காரணம். 'ஓஃப்லைன்' என்று சொல்கிற அதே லப்டொப்பில் பிரிண்டரின் பக்கம் திறக்கிறது என்றால், வைஃபையும் சரி, பிரிண்டரும் சரி, இடையிலுள்ள பாதையும் சரி. விண்டோஸுக்குள் பதிந்திருக்கிற பழைய முகவரி மட்டும்தான் பிழை.

தாளில் 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால் அது வேறு நோய். ரவுட்டரிடம் கேட்டு ஒன்றும் கிடைக்காமல் பிரிண்டர் தானே வைத்துக்கொண்ட முகவரி அது. ரவுட்டரை நிற்பாட்டிப் போட்டு, பிரிண்டரைத் திரும்ப வைஃபையில் சேர்க்க வேண்டும்.

இனித் தீர்வுக்கு வருவோம். இது இரண்டு இடத்தில் செய்ய வேண்டிய வேலை. முதலில் ரவுட்டரில், பிறகு லப்டொப்பில். ரவுட்டர் பக்கத்தைச் செய்யாமல் லப்டொப்பை மட்டும் திருத்தினால் இன்னொரு காலையில் திரும்ப இதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.

ரவுட்டரைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். ரவுட்டரின் முகவரியும் (பெரும்பாலும் 192.168.1.1) உள்ளே போவதற்கான பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். பிரவுசரில் அந்த முகவரியை அடித்து உள்ளே போய், லேன் அல்லது டிஎச்சிபி என்ற பகுதியைத் தேடுங்கள். அதற்குள் 'அட்ரெஸ் ரிசர்வேஷன்' அல்லது 'ஸ்டாட்டிக் ஐபி' என்ற பெயரில் ஓரிடம் இருக்கும். ரவுட்டருக்கு ரவுட்டர் பெயர் வேறுபடும், வேலை ஒன்றுதான். அங்கே பிரிண்டரின் மேக் அட்ரெஸையும் அதற்கு நீங்கள் கொடுக்க விரும்பும் ஐபி முகவரியையும் சேர்த்து எழுதிச் சேமிக்க வேண்டும். மேக் அட்ரெஸ் என்பது பிரிண்டரோடு பிறந்த, மாறாத 12 எழுத்து அடையாளம். நீங்கள் அச்சிட்ட அதே தாளில் இருக்கிறது. எழுத்தையும் இலக்கத்தையும் மாற்றிவிடாமல் கவனமாக அடியுங்கள். பி என்ற ஆங்கில எழுத்தையும் 8ஐயும் மாற்றி அடிப்பது அடிக்கடி நடப்பது. இதற்குப் பிறகு எத்தனை தரம் நிற்பாட்டிப் போட்டாலும் ரவுட்டர் அந்த இலக்கத்தைப் பிரிண்டருக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும்.

சில இணைய நிறுவனங்கள் கொடுக்கிற ரவுட்டரில் வாடிக்கையாளருக்கு இந்தப் பகுதி திறக்காது. நிறுவனத்தின் உதவி இலக்கத்துக்கு அழைத்து, "பிரிண்டருக்கு ஒரு ஐபி முகவரியை ஒதுக்கித் தாருங்கள்" என்று இதே சொற்களில் கேளுங்கள். என்ன வேண்டும் என்பதைத் திட்டமாகச் சொன்னால் வேலை நடக்கும். "பிரிண்டர் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால், பிரிண்டர் வாங்கிய கடையிடம் கேளுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். அதுவும் சரிவராவிட்டால் பிரிண்டரின் சொந்தப் பக்கத்தில் முகவரியை 'மெனுவல்' ஆக்கி நீங்களே எழுதிவிடலாம். ஆனால் அது ரவுட்டர் மற்றவர்களுக்குப் பங்கிடுகிற வரிசைக்கு வெளியே உள்ள இலக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே இலக்கத்துக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடுவார்கள்.

அடுத்தது லப்டொப். செட்டிங்ஸில் 'புளூடூத் அண்ட் டிவைசஸ்', அதற்குள் 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்'. மகன் பல முறை திரும்பப் போட்டதால் ஒரே எப்சன் 'கொப்பி 1', 'கொப்பி 2' என்று பல பெயரில் அங்கே நிற்கக்கூடும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுங்கள். பாதி நாட்களில் நீங்கள் செத்துப்போன கொப்பிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்திருக்கலாம். மிஞ்சியதை அழுத்தி 'பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்', பிறகு 'போர்ட்ஸ்'. லப்டொப் எந்த வழியாகப் பிரிண்டருக்கு அனுப்புகிறது என்கிற பட்டியல் அது. சரி அடையாளம் போட்டிருக்கிற வரியைப் பாருங்கள். அதில் பழைய ஐபி முகவரியோ, டபிள்யூஎஸ்டி என்று தொடங்கும் நீண்ட பெயரோ இருக்கும். டபிள்யூஎஸ்டி என்பது விண்டோஸ் தானாகத் தேடிப் பிடிக்கிற முறை. வசதிதான், ஆனால் பிரிண்டர் தூங்கி எழுந்தாலே தொலைத்துவிடுகிற பழக்கம் அதற்கு உண்டு. தினமும் டியூட் அடிக்கிற உங்களுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

'அட் போர்ட்' அழுத்தி 'ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட்' என்பதைத் தெரிவுசெய்து, ரவுட்டரில் ஒதுக்கிய முகவரியை எழுதுங்கள். வேலை முடிந்ததும் அந்தப் போர்ட்டிலேயே 'கன்ஃபிகர் போர்ட்' என்ற பொத்தானை அழுத்தினால், கீழே 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்' என்ற சிறிய பெட்டி இருக்கும். அதிலுள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் இந்த வழியாகத்தான் பிரிண்டரிடம் "இருக்கிறாயா?" என்று கேட்கிறது. பதில் கிடைக்காவிட்டால், பிரிண்டர் ஆயத்தமாக இருந்தாலும் 'ஓஃப்லைன்' என்று எழுதிவிடும். இந்தச் சிறிய பெட்டியால் நல்ல பிரிண்டர்கள் பழுதென்று பெயர் வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வருந்தும். உங்களுடையது எப்சன் என்பதால் இந்த முறையைத் துணிந்து சொல்கிறேன். கெனன் இங்க்ஜெட் வைத்திருப்பவர்கள் ரவுட்டரில் முகவரியை ஒதுக்கிவிட்டு, நிறுவனத்தின் மென்பொருளை ஒரு முறை திரும்பப் போட்டால் போதும். அவற்றில் பலவற்றுக்குக் கெனனின் சொந்தப் போர்ட் முறை இருக்கிறது.

திரும்ப 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பக்கத்துக்கு வந்து 'லெட் விண்டோஸ் மனேஜ் மை டிபோல்ட் பிரிண்டர்' என்பதையும் ஓஃப் செய்துவிடுங்கள். கடைசியாக எதற்குப் பிரிண்ட் கொடுத்தீர்களோ அதையே முதன்மைப் பிரிண்டர் ஆக்குகிற வசதி அது. ஒரு முறை பிடிஎஃப் ஆகச் சேமித்துவிட்டு, அடுத்த டியூட் எங்கே போனது என்று தேட வைத்துவிடும்.

'ஓஃப்லைன்' நாட்களில் அனுப்பிய பழைய டியூட்கள் வரிசையில் சிக்கி நின்றால் புதியவற்றுக்கு வழி விடாது. அழிக்கப் போனாலும் 'டிலீட்டிங்' என்று சொல்லிக்கொண்டே கிடக்கும். அப்போது விண்டோஸின் சேர்விசஸ் பட்டியலில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை (பிரிண்ட் வரிசையைக் கவனிக்கிற பகுதி) நிற்பாட்டி, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று வரிசையாகப் போய், அந்தக் கடைசி ஃபோல்டருக்குள் இருப்பவற்றை மட்டும் அழித்துவிட்டு, ஸ்பூலரைத் திரும்ப ஓட விடுங்கள். ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள்.

ஸ்கேன் செய்வது மட்டும் வேலை செய்யாமல் நின்றால், புதிய ரவுட்டரின் வைஃபையை விண்டோஸ் 'பப்ளிக் நெட்வொர்க்' என்று பதிந்திருக்கிறதா பாருங்கள். வீட்டு வைஃபையை 'பிரைவேட்' ஆக்கலாம்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரவுட்டர் மாற்றியதிலிருந்து பிரிண்டரின் வைஃபை விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டே இருக்கிறது, போனிலும் வரவில்லை என்றால் உங்கள் பிரச்சினை இது அல்ல. பிரிண்டரால் புதிய வைஃபைக்குள் நுழையவே முடியவில்லை. வீட்டுப் பிரிண்டர்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கும். பைபர் ரவுட்டர்கள் 2.4, 5 என்று இரண்டையும் விடுகின்றன. பிரிண்டரை 2.4இல்தான் சேர்க்க வேண்டும். லப்டொப்பும் 2.4இல் இருக்க வேண்டும் என்று பலர் நினைத்து அதன் வேகத்தையும் குறைத்துக்கொள்கிறார்கள். அவசியமில்லை. ஒரே ரவுட்டராக இருந்தால் லப்டொப் 5இலும் பிரிண்டர் 2.4இலும் இருந்துகொண்டு பேசும். ஆனால் இரண்டில் ஒன்று 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தால் பேசாது. விருந்தினர் வைஃபை அப்படிப் பிரித்து வைப்பதற்கென்றே செய்யப்பட்டது. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தாலும் பழைய பிரிண்டர் நுழையாது. டபிள்யூபிஏ2உம் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள்.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இருப்பவர்களுக்கு இன்னுமொரு தலைவலி. மேலே, கீழே, பக்கத்தில் என்று எல்லா வீட்டு வைஃபையும் ஒரே 2.4இல் நெரிபடும். ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அவற்றில் நெரிசல் குறைந்ததை ரவுட்டரில் தெரிவுசெய்யுங்கள். 12, 13 வேண்டாம், சில பிரிண்டர்களின் கண்ணுக்கு அவை தெரியாது. பிரிண்டரை இரும்பு அலுமாரிக்குப் பின்னால் வைத்திருந்தால் முதலில் இடத்தை மாற்றுங்கள்.

இன்னும் ரவுட்டர் மாற்றாதவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்: பழைய ரவுட்டரில் இருந்த வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் ஓர் எழுத்தும் பிசகாமல் புதியதன் 2.4க்கும் கொடுத்துவிட்டால், பிரிண்டர், டிவி, கேமரா எல்லாம் அநேகமாகத் தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும்.

திரும்ப உங்களிடம் வருகிறேன், டீச்சர். இரண்டு விடயங்களை வற்புறுத்திச் சொல்கிறேன்.

முதலாவது, பிரிண்டரைச் சுவர் சுவிட்சில் நேரே நிற்பாட்டுவதை இன்றிரவோடு விட்டுவிடுங்கள். மின்னலுக்குப் பயப்படுவது நியாயம்தான், பிளக்கைக் கழற்றுங்கள். ஆனால் முதலில் பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தி, விளக்கு அணையும்வரை பொறுத்திருங்கள். அப்போதுதான் மை வருகிற தலை தன்னிடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். இடையில் கரண்டைப் பறித்தால் தலை திறந்தபடியே நின்று மை காய்ந்து அடைக்கும். முகவரிப் பிரச்சினைக்குச் செலவில்லை. தலை அடைத்தால்தான் உண்மையான செலவு.

இரண்டாவது, உதவி தேடி இணையத்தில் பிரிண்டர் பெயரை அடித்தால் நிறுவனத்தின் பெயரிலேயே போலி உதவி இலக்கங்களும் போலி ட்ரைவர் பக்கங்களும் வரும். அழைத்தால் லப்டொப்பைத் தூரத்திலிருந்து இயக்க அனுமதி கேட்பார்கள், பிறகு காசு கேட்பார்கள். உங்கள் லப்டொப்பில் பிள்ளைகளின் விபரங்களும் வங்கிக் கணக்கும் இருக்கும். ட்ரைவரை எப்சனின் சொந்த இணையத்தளத்தில் மட்டும் எடுங்கள். முன்பின் தெரியாத எவருக்கும் அந்த அனுமதியைக் கொடுக்காதீர்கள்.

எல்லாம் செய்து முடித்த இரவு பிரிண்டரை முதலில் அதன் பொத்தானால் அணைத்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் வழமை போல நிற்பாட்டுங்கள். காலையில் வேண்டுமென்றே வரிசையை மாற்றிப் போடுங்கள்: ரவுட்டர், டிவி, போன்கள், கடைசியாகப் பிரிண்டர். லப்டொப்பிலிருந்து ஒரு பக்கம் அனுப்புங்கள். வந்தால் அன்றைய வகுப்புக்குத் தேவையானதை அடிக்கத் தொடங்கலாம். வராவிட்டால் அன்று காலை அச்சிட்ட நெட்வொர்க் தாள், லப்டொப்பில் 'போர்ட்ஸ்' பக்கத்தில் சரி போட்டிருக்கிற வரி, ரவுட்டரின் மாடல் இலக்கம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். தாளில் வைஃபை கடவுச்சொல் ஏதும் அச்சாகியிருந்தால் அதை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.